அக்காடியர் ஊரைத் தேடுகிறவர் வீட்டுக்குழியோடு நின்றுவிடக் கூடாது

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அனாபொலிஸ் ராயல் என்ற சிற்றூரிலிருந்து ஆறு கடலை நோக்கி இறங்கும் திசையில் வடகரையோரமாக ஆறேழு கிலோமீட்டர் போனால் மெலான்சன் குடியிருப்பு இருந்த இடம் வரும். அங்கே இன்று சுவர் இல்லை, கூரை இல்லை. மேட்டில் புல்வெளி, அதில் ஆங்காங்கே சில பள்ளங்கள், மேடு முடிகிற இடத்திலிருந்து தட்டையாக விரியும் சதுப்பு, அதற்கப்பால் ஆறு. 1664 வாக்கில் தொடங்கி, ஆங்கிலேயர் அக்காடியரை வெளியேற்றிய 1755 வரை நான்கு தலைமுறை இங்கே வாழ்ந்தது. தேசிய வரலாற்றுத் தலம் என்று கனடா அரசு இதை அறிவித்திருக்கிறது. 1980-களில் இங்கே அகழாய்வும் நடந்தது.

வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளங்களைத்தான் பார்க்கிறார்கள். அவை இடிந்த வீடுகளின் நிலவறைகள். ஆனால் அக்காடியர் பண்ணையில் வீடு சிறு பங்கு. பெரும்பங்கு கீழே சதுப்பில் இருக்கிறது. மேட்டை மட்டும் தோண்டி அறிக்கை எழுதினால், ஒரு குடும்பம் எங்கே தூங்கியது என்று தெரியும். எப்படிப் பிழைத்தது என்று தெரியாது.

அக்காடியர் என்போர் 17-ஆம் நூற்றாண்டில் மேற்கு பிரான்சிலிருந்து வந்து ஃபண்டி விரிகுடாவின் கரைகளில் குடியேறிய உழவர்களின் வழித்தோன்றல்கள். பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் நிலம் அது. 1671-ல் எடுத்த குடிக்கணக்கில் அக்காடியா முழுவதற்கும் 400 பேர்கூடத் தேறவில்லை. அந்தக் கணக்கில் சார்ல் மெலான்சனின் வீடும் பதிவாகியிருக்கிறது: அவருக்கு வயது 28, மனைவி மரி துகாவுக்கு 23, நான்கு பெண் குழந்தைகள், 40 மாடுகள், 6 செம்மறிகள். சார்லின் தந்தை பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட், தாய் ஆங்கிலப் பெண். ஆங்கிலேய ஆளுநர் தாமஸ் டெம்பிளோடு 1657-ல் வந்து சேர்ந்த குடும்பம். சார்லின் அண்ணன் பியேர் பின்னாளில் கிராண்ட்-ப்ரே என்ற அக்காடியர் ஊரில் முதலில் குடியேறியவர்களில் ஒருவரானார்.

அந்த 40 மாடுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பனி மூடிக்கிடக்கும் மாதங்களில் அத்தனை மாடுகளுக்கும் தீனி வேண்டும். மேட்டில் அடர்ந்த காடு. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, கல்லைப் பொறுக்கி நிலமாக்க ஒரு தலைமுறை ஆகும், ஆக்கினாலும் மண் புளிப்பானது, சத்துக் குறைந்தது. சதுப்போ கல்லில்லாத வண்டல். உழுவதற்கு முன்பே அதில் உப்புப்புல் விளைந்து நிற்கிறது. கடலை மட்டும் வெளியே நிறுத்திவிட்டால் எருவிடாமலே பல ஆண்டுகள் கோதுமை தரும். கடல் ஓதத்தைத் தடுக்கும் வித்தை மேற்கு பிரான்சின் கரையோரத்தில் பழையது. 1636-ல் வந்த கப்பலில் உப்பளத் தொழிலாளர் சிலரும் இருந்தார்கள். ஆனால் ஃபண்டி விரிகுடாவின் ஓதம் அவர்கள் ஊரில் கண்ட ஓதமில்லை. அனாபொலிஸ் ஆற்று முகத்தில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும்; வடகிழக்கே மினாஸ் படுகையில் 16 மீட்டர் வரை போகும். உலகிலேயே உயர்ந்த ஓதம் அது.

கரையும் மதகும்

கரை கட்டும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் சதுப்பில் குழி வெட்டினால் கண்ணெதிரே இருப்பதே புலப்படாது. கரையின் பொருள் புல்கட்டி: வேர்ப்பின்னலோடு செங்கல்போல் அறுத்தெடுத்த சதுப்புமண். ஒடுங்கிய அலகுள்ள மண்வெட்டியால் அதை அறுப்பார்கள். எந்தப் புல்லின் கட்டி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சதுப்பின் தாழ்பகுதியில், ஒவ்வோர் ஓதத்திலும் மூழ்கும் இடத்தில் வளர்வது தடித்த தண்டுள்ள புல். அதன் வேர் பரவலானது, கட்டி உதிர்ந்துவிடும். பெரிய ஓதத்தில் மட்டும் நனையும் உயர்பகுதியில் வளர்வது மெல்லிய புல். அதன் வேர் மெத்தைபோல் இறுகியிருக்கும். கரையின் இரு முகங்களுக்கும் இந்த இரண்டாவது வகைக் கட்டியை வரிசை வரிசையாக, இணைப்புகள் நேர்க்கோட்டில் விழாதபடி மாற்றி மாற்றி அடுக்குவார்கள். நடுவயிற்றில் களிமண்ணைப் போட்டு இடித்து இறுக்குவார்கள். கட்டி உயிரோடு இருந்தால் புல் மீண்டும் துளிர்த்து வேர்விட்டு முகத்தை ஒட்டிப் பிடிக்கும். உயரம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்.

கரை ஓடைகளைக் கடக்கும் இடம்தான் கடினமானது. மேட்டிலிருந்து வரும் மழைநீரும் பனியுருகிய நீரும் வெளியேற வேண்டும். கடல்நீர் உள்ளே வரக் கூடாது. அதற்கு வைத்த மதகின் பெயர் அபுவாத்தோ. பெரிய மரத்தைக் குடைந்து, அல்லது பலகைகளைச் சேர்த்து, ஒரு நீண்ட குழாயாக்கி, ஓடையின் அடியில் கடல்பக்கம் சற்றே சரிவாகக் கிடத்துவார்கள். குழாய்க்குள் மேலிருந்து தொங்கும் ஒரு மரக்கதவு கடலை நோக்கி மட்டும் திறக்கும். வற்றத்தின்போது உள்நீர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஓதம் ஏறும்போது கடல்நீரே அதை அழுத்தி மூடிவிடும். நாளுக்கு இருமுறை, ஆளில்லாமல். இணைப்புகளுக்கு இரும்பாணியைவிட மர முளைகளே ஏற்றவை. உப்புச்சேற்றில் இரும்பு சீக்கிரம் தின்றுபோகும். மதகின் மேல் கரையை எழுப்பும்போது வெறும் புல்கட்டி போதாது, ஓடையின் வேகம் அரித்துவிடும். 1699-ல் அக்காடியாவுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி தியெர்வில், ஐந்தாறு வரிசையாக மரங்களை நிமிர்த்தி அடித்து, வரிசைகளுக்கிடையே குறுக்காக மரங்களைப் படுக்கவைத்து, இடைவெளியெல்லாம் களிமண்ணைத் திணித்து இடித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அகழ்வில் ஓடைப்படுகையில் நட்ட மரங்கள் வரிசையாகத் தென்பட்டால் அது வேலியா, படகுத்துறையா என்று குழம்புவதற்கு முன், வரிசைகளுக்கிடையே இடித்த களிமண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த அமைப்பு கெடும் வழிகளும் மண்ணில் தடம் விடும். மதகை மிகத் தாழ்வாக வைத்தால் வெளிவாய் வண்டலால் அடைபடும். உயர்த்தி வைத்தால் வயலில் நீர் தேங்கும். ஒரு மரக்கிளையோ பனிக்கட்டியோ கதவில் சிக்கினால் கடல் உள்ளே வந்துவிடும். உப்பேறிய நிலத்தை மழையும் பனிநீரும் கழுவித் தீர்க்க இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். புதிதாக அடைத்த நிலத்துக்கும் அதே காத்திருப்புத்தான். கரை உடைந்து கடல் புகுந்த ஆண்டு, வயலின் கறுத்த மண்மேல் மெல்லிய சாம்பல்நிற வண்டல் படலமாகப் பதிந்திருக்கும். அந்தப் படலத்தைக் குழியின் பக்கச்சுவரில் பார்த்துத்தான் உடைப்பும் சீரமைப்பும் எத்தனை முறை நடந்தன என்று எண்ண முடியும். மேட்டில் எவ்வளவு தோண்டினாலும் இந்தக் கணக்கு கிடைக்காது.

ஒரு கரை நூறாண்டு நிற்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. வெளியே ஓதம் நாள்தோறும் வண்டலைக் கொண்டுவந்து சேர்ப்பதால் வெளிச்சதுப்பு உயர்ந்துகொண்டே போகும். உள்ளே வடிந்து காய்ந்த மண் இறுகி அமிழும். கடைசியில் வயல் வெளிச்சதுப்பைவிடத் தாழ்ந்துவிடும். கரை உடைந்தால் முதல் தலைமுறைக்கு வந்த வெள்ளத்தைவிட ஆழமான வெள்ளம் மூன்றாம் தலைமுறைக்கு வரும். ஆகவே இது ஒருமுறை கட்டிவிட்டுப் போகும் வேலையாக இருக்கவில்லை. ஊர் கூடி ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய வேலையாக இருந்தது. உறவுக்குடும்பங்கள் ஒரே சதுப்பின் விளிம்பில் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டதை இதோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். 1733-ல் ஜார்ஜ் மிட்செல் வரைந்த நில அளவை வரைபடத்தில் ஆற்றங்கரைச் சிற்றூர்கள் குடும்பப் பெயர்களோடு வரிசையாக நிற்கின்றன.

அந்த உழைப்பு நின்றதும் என்ன ஆனது என்பதற்கும் சான்று உண்டு. அக்காடியரை வெளியேற்றி நான்கு ஆண்டு கழித்து, 1759 நவம்பரில் அடித்த புயல் கவனிப்பாரற்ற கரைகளை உடைத்தது. 1760-ல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்து அந்த நிலங்களைப் பெற்றவர்களுக்கு அவற்றைச் சரிசெய்யத் தெரியவில்லை. சிறைபிடித்து வைத்திருந்த அக்காடியரையே கூலிக்கு அழைத்துவந்து, அவர்களிடமிருந்து பறித்த நிலத்தின் கரைகளை அவர்கள் கையாலேயே சீர்செய்ய வைத்தார்கள்.

எரிந்த வீடு சொல்வது

மேட்டுக்கு வருவோம். அக்காடியர் வீடு எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சான்று மெலான்சனுக்கு மேலே, அதே ஆற்றங்கரையில் உள்ள பெல்லைலிலிருந்து கிடைத்தது. நோவா ஸ்கோஷியா அருங்காட்சியகம் 1983-ல் அங்கே அகழ்ந்த வீட்டின் அடித்தளம் சுமார் 11.5 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம். வயல்கல் அடுக்கிய அடித்தளத்தின் மேல் மரச்சட்டம். சட்டங்களுக்கிடையே களிமண்ணும் சதுப்புப்புல்லும் பிசைந்து அடைத்த சுவர். ஒரு முனைச்சுவரில் அடுப்பு, அதன் பின்னால் வீட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு வட்டமான ரொட்டிச் சூளையின் கல்மேடை. சூளையின் வாய் அடுப்புக்குள் திறக்கும். இந்த வட்டமேடை தென்பட்டால் அக்காடியர் வீடு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பின்னால் வந்த ஆங்கிலேயர் வீடுகளில் சூளை பெரும்பாலும் நடுப்புகைபோக்கிக்குள் அடங்கியிருக்கும்.

சுவர் வெறும் களிமண்ணாக இருந்திருந்தால் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். எரிந்ததால்தான் கிடைத்தது. சுமார் 600 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் களிமண் சுட்ட ஓடாகிவிடும். பிறகு தண்ணீர் அதைக் கரைக்காது. அப்படிச் சுட்ட துண்டுகளில் புல்தாளின் பதிவு, சட்டத்தின் மூலை, சில துண்டுகளில் மேலே பூசிய வெண்களிமண் பூச்சு எல்லாம் தெளிவாக இருக்கும். இவற்றை எடைபோட்டுவிட்டு வீசிவிடக் கூடாது. ஒரு முகம் தட்டையாக உள்ள துண்டுகளைத் தனியே எடுத்துத் தடிமனை அளந்தால் சுவரின் கனம் கிடைக்கும். புல்தாளின் பதிவைப் பார்த்தால் அது உயர்சதுப்புப் புல்லா என்று சொல்லலாம்.

ஆனால் சுட்ட மண்ணைக் கண்டவுடனே 1755 என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. இந்தக் கரைகளில் தீ பலமுறை வந்தது. 1707-ல் நியூ இங்கிலாந்துப் படை போர்ட் ராயலை (இன்றைய அனாபொலிஸ் ராயல்) இருமுறை தாக்கியபோது சுற்றுவட்டார வீடுகள் எரிந்தன. கிழக்கே போபாசேன் ஊரை 1750-ல் எரித்தது ஆங்கிலேயரல்லர். அவர்கள் கைக்கு ஊர் போகக் கூடாது என்று பிரெஞ்சுப் பாதிரியார் லெ லூத்தர் தரப்பு எரித்தது. அடுப்புத்தீ தவறிப் பற்றுவதும் கூரைவீட்டில் அரிதல்ல. மெலான்சனில் ஒரே இடத்தில் வீடு மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. எரிந்த அடுக்கின் மேல் மறுபடி தரை போட்டிருந்தால் அந்தத் தீ 1755-ஆக இருக்க முடியாது. அடுக்கின் மேலே ஒன்றும் இல்லாவிட்டால்கூட, அதற்குள் கிடந்த பொருள்களின் காலத்தைப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

காலம் கணிப்பதில் உள்ள கண்ணிகள்

கார்பன்-14 இங்கே கைகொடுக்காது. 1650-க்குப் பிந்தைய மாதிரிகளுக்கு, கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் அளவைக்கோடு மேலும் கீழும் ஆடுவதால், ஒரே மாதிரி 1670 என்றும் 1780 என்றும் 1900-க்குப் பிறகு என்றும் விடை தரும். ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தேடுகிற இடத்தில் அது வீண்செலவு.

மதகு மரம் கிடைத்தால் ஆண்டுவளையங்களை எண்ணலாம். அதற்குப் பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் இருக்க வேண்டும். செதுக்கிச் சதுரமாக்கிய மரத்தில் அது போயிருக்கும், அப்போது வெட்டிய ஆண்டு கிடைக்காது, அதற்கு முந்தைய எல்லை மட்டுமே கிடைக்கும். குடைந்த மரமாக இருந்தால் உள்வளையங்கள்தான் போயிருக்கும், வெளிவளையங்கள் தப்பியிருக்கும். குடைந்த மதகைக் கண்டால் வெளிப்புறத்தைச் சுரண்டிக் கழுவக் கூடாது என்பது இதனால்தான்.

அன்றாடம் கைகொடுப்பது களிமண் புகைக்குழல். உடைந்தால் தூக்கி எறிவார்கள், அதனால் எந்த வீட்டிலும் துண்டுகள் கிடக்கும். ஆங்கிலேயக் குழல்களின் தண்டுத் துளை காலம் போகப்போக ஒடுங்கிக்கொண்டே வந்ததைத் தொல்லியலாளர் ஹாரிங்டன் 1954-ல் காட்டினார்: துளையின் விட்டம் ஓர் அங்குலத்தின் 64 பங்கில் 7 என்றால் பெரும்பாலும் 1650–1680, 6 என்றால் 1680–1710, 5 என்றால் 1710–1750, 4 என்றால் 1750–1800. துளையிடும் கருவியின் முனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிப் பார்த்தாலே அளவு தெரியும். பின்னர் பின்ஃபோர்டு இதைச் சமன்பாடாக்கினார்: 1931.85-லிருந்து, அதே 64-இல் ஒரு பங்கு அளவில் எடுத்த சராசரித் துளையை 38.26-ஆல் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும். சராசரி 5.2 என்றால் 1733 வாக்கில் வரும். இதை நம்புவதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். துண்டுகள் நிறைய இருக்க வேண்டும். பத்துப் பதினைந்தை வைத்துக்கொண்டு ஆண்டு சொல்வது தவறு. அடுக்கு கலங்காமலும் இருக்க வேண்டும். 1680-ன் குப்பையும் 1750-ன் குப்பையும் கலந்த உழவுமண்ணுக்கு இந்தக் கணக்கு இரண்டுக்கும் நடுவே யாரும் வாழாத ஓர் ஆண்டைத் தரும்.

பானையோடுகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தென்மேற்குப் பிரான்சின் செந்தோன்ஜ் பகுதிப் பச்சைமெருகு ஓடு கிடைத்தால் அக்காடியர் என்றும், ஆங்கிலேய ஓடு கிடைத்தால் பின்வந்த ஆங்கிலேயர் என்றும் பிரித்துவிட முடியாது. அக்காடியர்கள் பாஸ்டன் வணிகர்களோடு எப்போதும் கொடுக்கல் வாங்கலில் இருந்தார்கள். 1710-ல் போர்ட் ராயல் ஆங்கிலேயர் கைக்குப் போன பின் அது இன்னும் இயல்பாயிற்று. அக்காடியர் வீட்டில் ஸ்டாஃபோர்டுஷயர் கோப்பையும் நியூ இங்கிலாந்துச் செம்மண் பாத்திரமும் ரைன் கரைச் சாம்பல்நிறக் கல்மட்பாண்டமும் சேர்ந்தே கிடக்கும். பிரிக்க உதவுவது ஒரு பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைவிட எப்போது செய்யப்பட்டது என்பதே. 1760-களில் பரவிய பாலேட்டு நிற மட்பாண்டம் ஒரு துண்டு இருந்தாலும் அந்த அடுக்கு அக்காடியர் போன பிறகு கலங்கியது. இயந்திரத்தில் வெட்டிய ஆணி 1790-களுக்கு முன் இல்லை. பின்வந்தவர்கள் பழைய நிலவறைகளைக் குப்பைக்குழியாக்கினார்கள், அடித்தளக் கல்லைப் பெயர்த்துத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே குழியின் மேல்பாதி பெரும்பாலும் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

எப்படித் தேடுவது

வானூர்தியிலிருந்து லேசர் வீசி எடுத்த நிலமட்டப் படம் முதல் வேலை. மரம் மூடிய இடத்திலும் நிலவறைப் பள்ளமும் பழைய கரையின் முதுகும் அதில் தெரியும். அடுத்தது காந்தமானியும் மின்கடத்துமானியும்: சுட்ட களிமண்ணும் அடுப்பும் காந்தமானியில் உரக்கப் பேசும், இறுகிய கல் அடித்தளம் கடத்துமானியில் தாழ்ந்து தெரியும். கிராண்ட்-ப்ரேயில் செயிண்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் ஃபவுலர் நடத்திவரும் ஆய்வில் இவை நன்றாகப் பயன்பட்டன. பிறகுதான் சிறு சோதனைக்குழிகள், 40 செ.மீ. சதுரத்தில், 5 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில். இந்த வரிசையை மேட்டோடு நிறுத்தாமல் சரிவு வழியாகச் சதுப்பின் விளிம்புவரை கொண்டுபோக வேண்டும். தொழுவம், கிணறு, சதுப்புக்கு இறங்கும் வண்டித்தடம் எல்லாம் அந்தச் சரிவில்தான் கிடக்கும். பழைய வரைபடத்தில் வீடு குறித்த இடம் 50 மீட்டர் தள்ளியிருப்பது சாதாரணம்.

அகழும்போது 6 மி.மீ. சல்லடை உழவுமண்ணுக்குப் போதும். தரையடுக்குக்கும் அடுப்படிக்கும் 3 மி.மீ. வேண்டும், குண்டூசியும் சிறுமணியும் பெரிய சல்லடையில் விழுந்து போய்விடும், பெண்களின் வேலையைக் காட்டும் பொருள்களே அப்போது கணக்கிலிருந்து மறைந்துவிடும். அடுப்புச் சாம்பலில் சில லிட்டர் எடுத்து நீரில் மிதக்கவிட்டால் கருகிய கோதுமையும் பட்டாணியும் ஆளிவிதையும் மேலே வரும். மேட்டுமண்ணின் புளிப்பில் எலும்பு கரைந்துவிடுகிறது; எரிந்த எலும்பும், சிப்பியோடு கலந்து கிடந்த எலும்பும் மட்டுமே தப்பும். ஆகவே "இறைச்சி குறைவாகத் தின்றார்கள்" என்று எலும்பு எண்ணிக்கையை வைத்து எழுதுவதற்குமுன் மண்ணின் புளிப்பை அளக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மாகாணத்தின் சிறப்பிடப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். உலோகங்காட்டிக் கருவியோடு வந்து ஆணியும் நாணயமும் கிளறி எடுத்துப் போகிறவர்கள் செய்யும் கேடு பெரிது. பொருள் போவதைவிட, அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி போவதுதான் ஈடுசெய்ய முடியாதது.

1755 டிசம்பர் 8-ஆம் நாள், இந்த ஊருக்கு அருகே ஆற்றிலுள்ள கோட் தீவிலிருந்து கப்பல்கள் அனாபொலிஸ் பகுதியின் சுமார் 1,660 பேரை ஏற்றிக்கொண்டு போயின. அவற்றில் பெம்ப்ரோக் என்ற கப்பலை அதில் அடைக்கப்பட்டிருந்த 232 பேர் வழியில் கைப்பற்றித் திரும்பினார்கள். மற்றவர்கள் ஆங்கிலேயக் குடியேற்றங்களெங்கும் சிதறடிக்கப்பட்டார்கள். அதன்பின் இந்தச் சதுப்பின் கரைகளை வேறு கைகள் தொட்டன. 1948-க்குப் பிறகு அரசு எடுத்து நடத்திய சீரமைப்பில் இயந்திரங்கள் பல பழைய கரைகளின் மேலேயே புதுமண்ணைக் கொட்டின. இன்றைய கரையின் வயிற்றுக்குள் அக்காடியரின் புல்கட்டிகள் இருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, குறுக்கே வெட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

அப்படி வெட்டும் நேரம் இப்போது தானாக வருகிறது. ஹாலிஃபாக்ஸ் அளவையின்படி இக்கரையில் கடல்மட்டம் நிலத்தோடு ஒப்பிட நூறாண்டுக்குச் சுமார் 30 செ.மீ. ஏறுகிறது, பனியூழிக்குப் பின் நிலமும் மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஃபண்டி கரைகளில் சிலவற்றை உயர்த்துகிறார்கள், சிலவற்றைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டுகிறார்கள். இயந்திரம் பழைய கரையைக் குறுக்கே அறுக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் அங்கே நின்று வெட்டுமுகத்தைச் சீவி, புல்கட்டி வரிசைகளை வரைந்து, படமெடுத்து, கரைக்கடியிலுள்ள பழைய சதுப்புமேற்பரப்பின் உயரத்தை அளந்துகொள்ள அரைநாள் போதும். மதகு மரம் தலைகாட்டினால் அதைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, வெயிலில் விடக் கூடாது. மூன்று நூற்றாண்டு ஈரத்தில் கிடந்த மரம் சில நாளிலேயே வெடித்துச் சுருங்கும். ஈரச்சாக்கும் சேறும் போட்டு மூடிவைத்து, வளையம் எண்ண ஒரு துண்டு அறுத்தெடுத்து, பாதுகாக்கும் வசதி இருந்தால் மட்டுமே முழு மரத்தை எடுக்க வேண்டும். வசதி இல்லையென்றால் அளந்து வரைந்துவிட்டு, கிடந்த சேற்றிலேயே திரும்பப் புதைத்துவிடுவது மேல்.